டன்னுக்கு மூன்று கிலோ

எங்கள் செம்புச் சுரங்கத்தின் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமப்புள்ளி. கல்லில் செம்பு எத்தனை சதவீதம் என்று சொன்னால், "புள்ளிக்கு அப்புறம் என்ன?" என்று கேட்காமல் விடமாட்டார். அன்று காலை அவர் எதுவும் கேட்கவில்லை. வரைபடத்தை விரித்து, தோண்டப்போகும் குழியின் புது எல்லையை விரலால் காட்டினார். கிழக்குச் சரிவு முழுக்க உள்ளே வந்திருந்தது. அங்கேதான் என் மகளைப் புதைத்திருக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆறு வயதில், காய்ச்சலில் போனாள். மனைவி தன் ஊரில், தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று சொன்னாள். நான்தான் பெரிய மேதாவி மாதிரி மறுத்தேன். அந்தச் சரிவில் துளை போட்டுக் கல்லைச் சோதித்தவன் நான் அல்லவா?

"டன்னுக்கு மூணு கிலோ செம்புதான் தேறும். அதை எவனும் சீண்ட மாட்டான். இங்கயே இருந்தா நெனச்சப்போ போய்ப் பாக்கலாம்" என்றேன். நம்பினாள்.

அப்போது எங்கள் கண்ணெல்லாம் மேற்கே இருந்த கொழுத்த கல் மேல். டன்னுக்கு இருபது கிலோ. ஆனால் அது சின்னத் திட்டு. இரண்டே வருஷத்தில் வழித்துத் துடைத்தாகிவிட்டது. கிழக்கே இருந்த சப்பைக் கல்லோ, ஆழமாகத் துளை போடப் போட நீண்டுகொண்டே போனது. கோடிக்கணக்கான டன். அவ்வளவு இருந்தால் பெரிய லாரிகள், பெரிய ஆலை என்று இறக்கலாம். டன்னுக்கு ஆகும் செலவு விழுந்துவிடும், மூன்று கிலோவும் கட்டுப்படியாகும். இதை முதல் வருஷம் படிக்கிறவன்கூடச் சொல்வான். நான் தரத்தை மட்டும் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டேன். அளவைப் பற்றி நினைக்கவே இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மரியாதையா வேற எடத்துக்கு மாத்திக் கொடுத்துடுவோம்" என்றார் தசமப்புள்ளி. எவ்வளவு கல், அதில் எவ்வளவு செம்பு என்ற கணக்கில் என் கையெழுத்து வேண்டும். போட்டேன். நான் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான். அது ஆறுதலாக இல்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் அழவில்லை.

"அவளுக்குக் கீழ எவ்ளோ இருக்கு?"

"அதேதான். டன்னுக்கு மூணு கிலோ."

"பொறந்தப்போ அவ மூணேகால் கிலோ இருந்தா."

அவள் கடைசித் துணியையும் மடித்து அலமாரியில் வைத்தாள்.

"எடுக்கறப்போ நான் போறேன். எங்கம்மா பக்கத்துல வச்சுட்டு வரேன்."

"நானும் வரேன்."

"வேண்டாங்க. நீங்க எடம் பாத்தது போதும்."

சரி என்றேன். அவள் என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை.