மிளகெலியின் கடைவாய்ப் பல்

பக்தவத்சலம் சார் எனக்கு வேலை கொடுத்தது நான் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய வேகத்தைப் பார்த்துத்தான். படிப்பைப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையோடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். அறுபத்துமூன்றாம் வருஷம், அந்தமானில், டெலானிபூர் மேட்டில், அண்ணனுடைய குவார்ட்டர்ஸ் வாசல்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். கப்பலில் வந்த அரிசி, பாதி அரிசி பாதி கல். பக்கத்துக் கட்டடத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆராய்ச்சி அதிகாரி வேலியோரம் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணமாகாதவளை ஓர் ஆள் நின்று பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் மேடு முழுக்கப் பேச்சாகிவிடும். மறுநாள் அவர் நேராக அண்ணன் ஜம்புலிங்கத்திடம் போய், உங்கள் தங்கை எலிப் பல் பொறுக்க வருவார்களா என்று கேட்டார். அண்ணனுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

வேலை அதுதான். சௌல்தாரி கிராமத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் சிப்பி மேடு ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் தின்று போட்ட சிப்பியும் பன்றி எலும்புமாகக் குவிந்து உண்டானது. அதைத் தோண்டி, மண்ணை மூட்டை மூட்டையாகச் சலித்து டெலானிபூருக்குக் கொண்டுவருவார்கள். அந்த மண்ணைக் கறுப்பு எனாமல் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஈரப் பிரஷ் நுனியால் நான் பல் பொறுக்க வேண்டும். கடுகில் பாதிகூட இருக்காது. மிருகம் மக்கிப் போனாலும் பல் மக்காது, பல்லை வைத்தே இது இன்ன மிருகம் என்று சொல்லிவிடலாம் என்பார் சார்.

பழகிக்கொள்ள அவர் மெயின்லேண்டிலிருந்து ஒரு டின் செம்மண் கொண்டுவந்திருந்தார். வயநாட்டுக் குகை ஒன்றில் அவரே தோண்டியது. சாதாரண எலியின் கடைவாய்ப் பல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சோளக்கதிர் போல மணி மணியாகத் தெரியும். அந்த டின்னில் வேறு ஒன்றும் இருந்தது. அதில் மணியே இல்லை, சாய்வாக வரப்பு வரப்பாக ஓடியது. எங்கள் திருவாரூர்ப் பக்கத்து வயலை மேலிருந்து பார்த்தது மாதிரி இருந்தது எனக்கு. அது மிளகெலி என்றார். மலையாள மலைக்காட்டில் மிளகுப் பழம் தின்று வாழும் சின்னப் பிராணி, வால் நுனியில் குஞ்சம் இருக்கும், அந்த மலைகளை விட்டால் வேறெங்கும் கிடையாது என்றார். அந்த வரப்பு எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. டின் காலியாகும்வரை அதையே தேடினேன், பதினொன்று அகப்பட்டது. வேலை முடிந்ததும் மண்ணைத் திரும்ப டின்னில் கொட்டிவிட்டு, தட்டில் ஒரு சிட்டிகை மட்டும் விட்டுவைத்து மூடினேன். எங்கள் வீட்டில் அரிசிப் படியைக்கூட வழித்து வைக்க மாட்டோம், நாலு அரிசியாவது உள்ளே கிடக்கும். வெறுமையாக வைக்க மனசு வராது. சார் இதையெல்லாம் கவனித்ததில்லை.

அவர் கவனமெல்லாம் காஞ்சிபுரத்தில் இருந்தது. மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையை அவருடைய தங்கை வளர்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. கப்பல் வரும் நாளில் தங்கையின் கடிதத்தோடு குழந்தை கிறுக்கிய தாளும் வரும். ஒரு தடவை அந்தத் தாளை என்னிடம் காட்டினார். எழுத்தெல்லாம் கவிழ்ந்து கிடந்தாலும் வாசிக்க முடிந்தது. ‘மாமா எப்ப வருவீங்க?’ என்று இருந்தது. தங்கையின் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு அதுவும் அவரை மாமா என்று பழகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டேதான் காட்டினார். நான் பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். மாற்றலுக்கு மூன்று தடவை எழுதிப் போட்டிருந்தார், பதில் இல்லை. பெரிதாக ஏதாவது கண்டுபிடித்து எழுதினால்தான் மேலிடம் திரும்பிப் பார்க்கும் என்பார்.

அந்தப் பெரிது சௌல்தாரி மண்ணின் முதல் தட்டிலேயே வந்தது. ஒரே ஒரு பல். வரப்பு வரப்பாக. நான்தான் முதலில் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்தமானில் மிளகெலி இருந்தது என்றால் ஒரு காலத்தில் இந்தத் தீவுக்கு அது எப்படி வந்தது, எந்த வழி வந்தது என்று உலகமே கேட்கும் என்றார். அதற்குப் பிறகு ஏழு மாதம், முப்பது மூட்டை மண். இரண்டாவது பல் வரவில்லை. அவர் கட்டுரை எழுத ஆரம்பித்தார். அந்த ஏழு மாதமும் மழை தகரத்தில் அடிக்க அடிக்க, அவர் டைப் அடிப்பதும் நான் பொறுக்குவதுமாகப் போயிற்று. மதியம் என் டப்பாவிலிருந்து ஒரு பிடி எலுமிச்சைச் சாதம் அவர் தட்டுக்குப் போகும். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்றைக்கும் தகரத்தில் மழை விழுந்தால் எனக்கு டைப்ரைட்டர் சத்தம்தான் கேட்கிறது.

அண்ணனுக்கு ஜெட்டியில் கப்பலுக்குத் தபால் மூட்டை ஏற்றும் வேலை. ஒரு நாள் காலையில் அவன்தான் சொல்லி அனுப்பினான். “நாளைக்கு ஜஹாஜ் கிளம்புது. கவரைச் சாயங்காலத்துக்குள்ள குடுக்கச் சொல்லு உன் சாப்கிட்ட. விட்டா அப்புறம் பந்த்ரா தின், பதினஞ்சு நாள் ஆகும்.”

நான் போனபோது சார் கட்டுரையைக் கடைசி முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கும் புரியட்டும் என்று வரிவரியாகத் தமிழில் சொன்னார். பல் பொறுக்கித் தந்தவர் குமாரி செல்லம் என்று என் பெயரும் அதில் இருந்தது. அச்சில் வரும் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த வரி, மண்ணை எப்படிச் சோதித்தோம் என்பது. ஒவ்வொரு முறையும் முழுக்கத் துடைத்த வெறுந்தட்டில்தான் புது மண் பரப்பப்பட்டது என்று படித்தார்.

வெறுந்தட்டு. தட்டு என்றைக்கு வெறுமையாக இருந்தது? சௌல்தாரி மண்ணை முதன்முதலாகக் கொட்டியபோது அதில் வயநாட்டு மண் ஒரு சிட்டிகை கிடந்தது. நானே வைத்தது.

தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே வந்து தொட்டியடியில் நின்றேன். சொன்னால் கவர் போகாது, குழந்தை மாமா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சொல்லாவிட்டால் அவர் பெரிய ஆளாகக் கப்பலேறிப் போய்விடுவார், யாருக்கும் தெரியப்போவதில்லை. இதுவரை சரி. இன்னொன்று இருந்தது, அதுதான் என்னைக் குடைந்தது. சொன்னால் அவர் இங்கேயே இருப்பார். நான் சொல்ல நினைப்பது நியாயத்துக்காகவா, அதற்காகவா? நல்ல எண்ணத்தோடுதான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால் ஜஹாஜ் போய்விடும். என்னமோ ஆகட்டும் என்று உள்ளே போய், படியில் அரிசி விட்டுவைப்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடிக் குப்பியிலிருந்து பல்லை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். ஊசி முனையால் இரண்டு வரப்புக்கு நடுவே மெல்லக் கிளறினார். பிறகு நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஊசி நுனியில் துளியூண்டு செம்மண். சௌல்தாரி மண் சிப்பித்தூள் கலந்து சாம்பலாக இருக்கும், குருட்டுக்கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும்.

“என்னாலதான் சார். வேணும்னு செய்யல.”

“இந்தச் செவப்ப நான் அன்னைக்கே பாத்துட்டேன் செல்லம்,” என்றார். “பாக்காத மாதிரி இருந்துட்டேன். ஏழு மாசமா.”

கவரைக் கிழிப்பார் என்று நினைத்தேன். இல்லை. காகிதங்களை வெளியே எடுத்து, தபால்தலை ஒட்டிய கவரை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் காஞ்சிபுரம் விலாசம் எழுதி, குழந்தைக்கு ஒரு கடிதம் போட்டுக் கொடுத்தார். பெரிய கவருக்குள் ஒற்றைத் தாள். அதைத்தான் அன்று சாயங்காலம் ஜெட்டிக்குக் கொண்டுபோனேன். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை, வழியெல்லாம் அழுதேன். அழுகைக்குள்ளே ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. அதற்காக இன்னும் அழுதேன்.

மொத்தம் மூன்று வருஷம் இருந்தார். ஒவ்வொரு தடவை மண் மாற்றும்போதும் தட்டை அவரே ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நாளும் ஒரு சொல் சொல்லிக்காட்டியதில்லை. சாதாரண எலியின் பல்லை வைத்துச் சின்னதாக ஒரு கட்டுரை வந்தது, அதில் என் பெயரும் இருந்தது. அறுபத்தாறில் மாற்றல் வந்தபோது குழந்தைக்கு எட்டு வயது. அது அவரை என்ன என்று கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாது. கடிதம் எழுதுகிறேன் என்றார், நானும் சரி என்றேன். இரண்டு பேரும் எழுதவில்லை.

அவர் கப்பலேறிய மறுநாள் அறையைக் கூட்டப் போனேன். மேஜை, பெஞ்சு, அலமாரி எல்லாம் துடைத்து வைத்தது போலக் காலி. எனாமல் தட்டு மட்டும் மூடி போட்டு ஜன்னலோரம் இருந்தது. திறந்தேன். நடுவில் ஒரு சிட்டிகை செம்மண். அதன்மேல், வரப்பு மேலே தெரிகிற மாதிரி திருப்பி வைத்த ஒரு பல்.