பச்சைக் கோடு

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் மலை ஏறியதில்லை. ஏற வேண்டிய அவசியம் வந்ததில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். மனிதர்கள் படி ஏறாமல் இருப்பதற்காகவே உழைக்கிறவர். அம்மா ஒரு தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை கால் நீட்டி உட்காரக் கிடைத்தாலே அவளுக்கு அது சுற்றுலாதான். இப்படிப்பட்ட குடும்பத்தை ஆளுக்கொரு தொப்பி மாட்டி ஒரு மலைப் பூங்காவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பெருமை முழுக்கப் பெரியப்பாவையே சேரும்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். சீருடையை வீட்டில் கழற்றிவிடுவார், குரலைக் கழற்ற மாட்டார். குடும்பத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கமாண்டர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம். அவருக்கு அது தெரியும், பிடிக்கவும் செய்யும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதிலிருந்து நான் பள்ளியில் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்பதுவரை முடிவு அவர் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். அப்பாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

நான் இந்த வீட்டின் முதல் பட்டதாரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதத்தையும் படித்துச் சொல்வது, பெரியம்மாவின் மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது, யார் போன் கெட்டாலும் சரிசெய்வது, இவைதான் பட்டதாரியின் வேலை. கருத்துச் சொல்வது அதில் வராது. கருத்துச் சொன்னால் அதற்குப் பெயர் படித்த திமிர்.

தூரத்து நகரம் ஒன்றில், குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நான் படித்த படிப்புக்கு, நான் விரும்பிய வேலை. சேருகிறேனா இல்லையா என்று அந்தச் சனிக்கிழமை மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அப்பா அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டார். அண்ணன் சொன்ன வார்த்தை: சனிக்கிழமை எல்லோரும் மலைக்குப் போகிறோம்.

டவுனுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால்தான் பெண்ணுக்கு ஊர் விட்டு ஊர் கேட்கிறதாம்; ஒரு நாள் இயற்கையில் விட்டால் தெளிந்துவிடுவாளாம். ஏதோ எனக்குப் பித்தம் ஏறியிருப்பதைப் போல. உச்சியில் போய் உட்கார்ந்து, நிதானமாகப் பேசி, அவர் முடிவைச் சொல்வார். முடிவு என்னவென்பது எங்கள் தெருவில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். பெரியப்பாவின் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போடும் கவுன்டரில் ஓர் இடம் காலி. ஏ.சி. அறை, உட்கார்ந்த வேலை, அவர் கண் முன்னாலேயே இருக்கலாம். இந்த மூன்றாவதுதான் விஷயம்.

நீயே பதில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்பதற்கு வாய் வலிக்காது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் மிச்சம் இருப்பது அம்மா. பெண்ணை வளர்த்த லட்சணத்தைப் பற்றி வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளிடம் பாடம் நடத்துவார்கள். அப்பா வாயிலிருந்து ஒரு 'போ' வந்துவிட்டால் அவளை யாரும் கேட்க முடியாது. அந்த ஓரெழுத்துக்காகத்தான் நானும் தொப்பி மாட்டிக்கொண்டு நின்றேன்.

பூங்கா வாசலில் பெரிய பலகை. நடக்கிறவர்களுக்காக மூன்று பாதைகள். மரத்திலும் பாறையிலும் வண்ணக் கோடு போட்டிருக்கும், உங்கள் வண்ணத்தைப் பார்த்துப் போக வேண்டியதுதான். சிவப்பு, உச்சிக்கு. நீலம், பாதி மலை ஏறி வாசலுக்கே திரும்பும் குறுக்குவழி. பச்சை, மலையை முழுக்கச் சுற்றி வருவது. பழக்கமில்லாதவர்கள் போக வேண்டாம் என்று அடியில் எழுதியிருந்தது. நான் சத்தமாகப் படித்தேன். அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

பெரியப்பா பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோடு பார்த்து நடப்பதில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் ஆஸ்பத்திரித் தரை முழுக்கக் கோடுதான். சிவப்பில் போனால் அவசரப் பிரிவு. பச்சையில் போனால் வெளியே போகும் வாசல். நீலத்தில் போனால் பிணவறை. ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு அவர் வழி சொல்லியிருக்கிறார், ஒருத்தரும் தொலைந்ததில்லை.

"சிவப்புல போயி ஆபத்த வெலைக்கு வாங்கணுமா? பச்சைல போவோம். வெளிய போற வழியில உள்ள போனா, எந்நேரமும் வெளிய வந்துடலாம்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது ஆஸ்பத்திரி இல்லை பெரியப்பா என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கத்தானே சொல்கிறேன் என்றார். அப்பா செருப்பு வாரைச் சரிசெய்தார். சங்கடம் வரும்போதெல்லாம் அப்பாவுக்குச் செருப்பு வார் தளர்ந்துவிடும்.

நடந்தோம். பாதை முதலில் யோக்கியமாகத்தான் இருந்தது. பெரியம்மா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று படம் எடுக்கச் சொன்னாள், எடுத்ததும் தன் தாடை பெரிதாகத் தெரிவதாக மரத்தைக் குறை சொன்னாள். பெரியப்பா முன்னால் நடந்தபடி சுத்தமான காற்றின் அருமையை விளக்கிக்கொண்டே போனார். விளக்க விளக்க அவருக்கே காற்று போதாமல் போய் நடுநடுவே நின்று மூச்சு வாங்கினார். அதை இயற்கையை ரசிப்பது என்று எங்களிடம் சொன்னார். ரொட்டியும் வாழைப்பழமும் இருந்த பை அம்மா தோளில். பெரியம்மாவின் கைப்பையும் எப்படியோ அம்மா தோளுக்கு வந்திருந்தது. வாங்கப் போன என்னிடம், விடு, பழகிவிட்டது என்றாள்.

வழியில் பெரியம்மா என்னோடு சேர்ந்துகொண்டாள். நான் ஊரைவிட்டுப் போனால் மாத்திரைத் தேதியை யார் பார்ப்பார்கள் என்பது அவள் கவலை. என்னை இத்தனை வருஷம் படிக்கவைத்தது எதற்கு என்பது அப்போதுதான் எனக்கும் முழுசாக விளங்கியது.

போனை எடுத்துப் பார்த்தேன். வாசலோடு சிக்னல் செத்துவிட்டிருந்தது. வெயில் உச்சி தாண்டிச் சரிய ஆரம்பித்திருந்தது. மலையுச்சி எங்களுக்கு இடது பக்கத்தில் இருந்தது; கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கம் போனது. உச்சியில் உட்கார்ந்து பேசப் போகிறவர்கள் உச்சிக்கு முதுகு காட்டி நடக்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன். வாசலில் சாயங்காலத்துக்குள் இருந்தால்தான் பதில் போக முடியும் என்பதையும் சொன்னேன். அப்பா முன்னால் போகும் அண்ணனைப் பார்த்தார், பின்னால் வரும் என்னைப் பார்த்தார், நடுவில் இருந்த பாறையைப் பார்த்தார். பாறையிடம்தான், "பெரியப்பாவுக்குத் தெரியாதா" என்றார்.

அந்தப் பாறையில்தான் பாதை பிரிந்தது. பச்சைக் கோடு நேராக ஒரு சரிவில் இறங்கி, இன்னொரு மலைக்குள் போனது. பக்கத்திலேயே நீலக் கோடு. அம்புக்குறி போட்டு 'வாசல்' என்று எழுதியிருந்தார்கள். படிக்காதவருக்கும் புரியட்டும் என்று கீழே கேட் படம்வேறு வரைந்திருந்தார்கள்.

நான் நின்றுவிட்டேன். நீலத்தில் இறங்கலாம், வாசல் என்று போட்டிருக்கிறது என்றேன். பெரியப்பா திரும்பி வந்தார். அவர் முகம் மாறியிருந்தது. கோபமில்லை, பயம்.

"நீலக் கோட்டுல போனவங்க யாரும் நடந்து திரும்புனதில்ல. நான் கண்ணால பாத்தவன். வாய வச்சுக்கிட்டு சும்மா வா."

"அது உங்க ஆஸ்பத்திரில பெரியப்பா."

"எங்கயும் அதான். கலர் கலர்தான்."

சிரித்திருப்பேன். ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என் வேலை அந்தச் சரிவில் பச்சைக் கோட்டின் பின்னாலேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் சுற்றி முடிக்கும்போது இருட்டிவிடும். திங்கட்கிழமை வேறொரு பெண்ணுக்குப் போன் போகும். நான் ஓ.பி. சீட்டில் வயது, பாலினம் எழுதிக்கொண்டிருப்பேன். இதை யாரும் வில்லத்தனமாகச் செய்யவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிணவறைக்குப் பயந்து செய்கிறார்கள்.

அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, லிஃப்ட்டு மேல ஏறி நின்னு வேல பாக்கும்போது பட்டன் யார் கையில இருக்கும்?"

அப்பாவுக்கு இந்தக் கேள்வி எதற்கென்று புரியவில்லை. ஆனால் தொழில் சம்பந்தமான கேள்வி, பதில் தானாக வந்தது. "மேல நிக்கிறவன் கையில."

"கீழ நிக்கிற மேனேஜர் அமுக்கினா?"

"நகராது. மேல நிக்கிறவன் உசுருல்ல. அவன்தான் அமுக்கணும்."

"நான்தான்பா மேல நிக்கிறேன்."

பெரியப்பா என்ன பேச்சு இது என்றார். மலையில் வந்து லிஃப்ட் எதற்கு என்றார். அப்பாவுக்குச் செருப்பு வார் தளரவில்லை. குனியவும் இல்லை.

அம்மா தோளிலிருந்த இரண்டு பைகளையும் பாறைமேல் வைத்தாள். பெரியம்மாவின் கைப்பையை மட்டும் எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினாள்.

"எனக்குக் கால் வலிக்குது. நான் இவகூட இறங்கறேன்."

அம்மாவுக்குக் கால் வலிக்கிறது என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை வருஷம் நின்றே வேலை பார்த்தவள், மலைச்சரிவில் வைத்துத்தான் அதை அறிவிக்க வேண்டுமென்று இருந்திருக்கிறாள். நிஜமாகவே வலித்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

அப்பா அண்ணனைப் பார்த்தார். பெரியப்பா அதற்குள் பச்சைச் சரிவில் இறங்க ஆரம்பித்திருந்தார். இறங்கினால் தம்பி பின்னாலேயே வருவான் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. "அவரத் தனியா விட முடியாதும்மா" என்றார் அப்பா. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இரண்டடி போனவர் திரும்பினார்.

"நீ போ" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பெரியம்மா காதில் விழுந்தது, அம்மா காதில் விழுந்தது, சரிவில் நின்று வாங்கின மூச்சை விட்டுக்கொண்டிருந்த பெரியப்பா காதிலும் விழுந்தது.

நீலக் கோட்டில் நாங்கள் உயிரோடுதான் இறங்கினோம். அம்மா வேகமாக நடந்தாள், கால் வலிக்கிறவர்கள் நடப்பதைவிட நிறைய வேகம். வாசல் தெரிந்ததும் போனில் சிக்னல் வந்தது. அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, சேருகிறேன் என்று எழுதி அனுப்பினேன். அப்புறம்தான் பசி தெரிந்தது. அம்மா ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டாள். வருகிறேன் என்று எழுதினேன் என்றேன். அங்கே தண்ணீர் நன்றாயிருக்குமா என்றாள். அதைப் பார்க்கத்தானம்மா என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றேன். அப்போதுதான் அவளுக்கு என் வேலை என்னவென்று புரிந்தது. கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மங்கலாகிற நேரத்தில் பூங்காவின் ஜீப் வந்தது. காவலர் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். முன்சீட்டில் பெரியப்பா, முழங்காலில் கைக்குட்டை கட்டி. பச்சைக் கோட்டை வெளியே போகும் வழிக்கு வைக்காமல் இப்படி மக்களை ஏமாற்றலாமா என்று காவலருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர், மேலிடத்தில் சொல்கிறேன் சார் என்றார். தினமும் ஒரு பெரியப்பாவை இறக்கிக் கொண்டுவருகிறவர் போலிருக்கிறது.

அப்பா பின்னாலிருந்து குதித்து, பெரியம்மாவை இறக்கிவிட்டார். நேராக என்னிடம் வந்தார். நானே சொன்னேன்.

"வரேன்னு பதில் போட்டுட்டேன்பா. நீங்கதான போன்னு சொன்னீங்க."

"நான் கீழ போன்னு சொன்னேன்."

"கீழயும் போயிட்டேன்."

அப்பா என்னை முறைத்தார். இதற்குத்தான் படிக்கவைத்தேனா என்கிற முறைப்பு. பதில் சொல்வதற்குள் பெரியப்பா நொண்டிக்கொண்டே வந்துவிட்டார். பதில் போட்டாச்சு என்பது காதில் விழுந்திருக்க வேண்டும். என்னிடம் பேசவில்லை. பெண்பிள்ளை செய்ததை அவளைப் பெற்றவளிடம் கேட்பதுதான் எங்கள் குடும்ப நடைமுறை. அம்மாவிடம் போனார்.

"யாரக் கேட்டு இவ பதில் போட்டா?"

என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. நல்ல வார்த்தைகள் இல்லை. அம்மா ரொட்டிப் பையின் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அடுத்த வார்த்தை யாருடையது என்பதில்தான் அவள் வாழப்போகிற வருஷங்கள் இருந்தன.

"நான்தாண்ணே போன்னு சொன்னேன்" என்றார் அப்பா.

"எப்ப சொன்ன?"

"பாதை பிரியற எடத்துல. நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். ஆமாங்க, சொன்னாரு, நானும் கேட்டேன் என்றாள் பெரியம்மா. விஷயம் தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா, அவளுக்கே வெளிச்சம். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வந்த வாடகை வேனில் ஏறிவிட்டார்.

திரும்பும்போது அப்பா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எப்போது சேர வேண்டும் என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். அதற்கு முன்னால் ஒரு தடவை போய்த் தங்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றார்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

"பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்றேன்.

அப்பா முன்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"அவருக்குக் கால் வலி" என்றார். "எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு."