இரண்டாகப் பிரிந்த நரம்பு

வலிக்கிறது என்று கையை உயர்த்திவிட்டு, திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார் பேருந்து ஓட்டுநர். நாற்பத்தெட்டு வயது. முட்டுச்சந்திலும் பேருந்தை அலுங்காமல் திருப்புகிறவர். பல் மருத்துவரின் நாற்காலியில் மட்டும் தொடைநடுங்கி என்று பெயரெடுத்திருந்தார். ஊசி போட்டாயிற்று, வலிக்க வழியே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று இதுவரை மூன்று மருத்துவர்கள் கடிந்துகொண்டார்கள். கேட்டுக் கேட்டு அவரும் நம்பிவிட்டார். போன வருடம் பல் பிடுங்கும்போது மகள் அலற, அவள் கைகளை அமுக்கிப் பிடித்து, நடிக்காதே என்று அதட்டியவர் அவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பதினோரு வயதுக்காரி வலிக்கிறது என்று அவரிடம் வாய் திறப்பதேயில்லை.

இந்த மருத்துவர் சின்னப் பெண். கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். கீழ்த்தாடை எலும்புக்குள் நரம்பு போகும் பாதை மெல்லிய குழாய்போலத் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுதான் இருக்குமாம். இவருடையது காதுப்பக்கமே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கடைவாய்ப்பல்லுக்கு அடியில் தனிவழி போயிருந்தது.

"வழக்கமா போடற ஊசி ஒரு கிளைய மட்டும்தான் மரத்துப்போக வச்சிருக்குன்னு நினைக்கிறேன். உங்களுக்கு நிஜமாவே வலிச்சிருக்கு சார்."

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியிருந்த ஓட்டுநரின் விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

அடுத்த ஊசி இன்னும் சற்று மேலே இறங்கியது. பத்து நிமிடத்தில் பாதி முகம் கட்டையாகிப்போனது. பல் அசைவதும் நெரிபடுவதும் காதில் விழுந்தன. வலி மட்டும் வரவேயில்லை. கண்ணோரம் நீர் வழிவதைக் கண்டு மருத்துவர் நிறுத்த, வலியில்லை, நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று ஓட்டுநர் கையை ஆட்டினார்.

எழுந்ததும் மகளைப் பற்றிக் கேட்டார். அவளுக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, படம் எடுத்துப் பார்க்கலாம் என்ற மருத்துவர், "மொதல்ல அவ சொல்றத நம்புங்க" என்றார்.

வீட்டில் மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, வாயில் பஞ்சோடு என்னவோ சொன்னார். மரத்த உதட்டில் எல்லாம் குழறிப்போனது.

"என்னப்பா? புரியல."

பஞ்சை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னார். "அன்னிக்கு நீ நடிக்கல. அப்பாதான் நம்பாம போயிட்டேன்."

அவள் பென்சிலை வைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை அகலத் திறந்து, உள்ளே ஒரு பல்லின்மேல் விரலை வைத்தாள்.