கசக்காத காகிதம்

கொண்டாப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் அன்று குழந்தைகளுக்கான அறிவியல் திருவிழா. எலுமிச்சம்பழத்தில் பல்பு எரிந்தது. பலூன் காற்றில் ஓடும் வண்டிகள் போவோர் வருவோர் காலிலெல்லாம் முட்டின. மகள் ஸ்ரீஜா இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், ரோகிணியும் ஸ்ரீகாந்தும் கடைசியில் 'உங்கள் நாக்கைச் சோதியுங்கள்' என்ற மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே நின்றவள் கரோலின், செகந்திராபாத் கல்லூரி மாணவி. இவர்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நாங்களும் தமிழ்தான் ஆன்ட்டி. மருந்து தடவின இந்தப் பேப்பரை நாக்குல வைங்க. சில பேருக்குக் கசக்கும், சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. அப்பா அம்மாகிட்டேருந்து வர்ற விஷயம் இது."

வைத்த மாத்திரத்தில் ஸ்ரீஜா, "சேது, மம்மி!" என்று தெலுங்கில் அலறித் துப்பினாள். அவ்வளவு கசப்பாம். ரோகிணிக்கு வெறும் தாளாகத்தான் இருந்தது. ஸ்ரீகாந்தும் சப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே" என்றான்.

கரோலின் சட்டென்று பின்னால் மாட்டியிருந்த சார்ட்டைப் பார்த்தாள். ரோகிணியும் பார்த்தாள். அப்பா, அம்மா இருவருக்குமே கசக்காவிட்டால் பிள்ளைக்கும் கசக்காது என்று படம் போட்டு எழுதியிருந்தது.

ஸ்ரீஜாவுக்கும் படிக்கத் தெரியுமே. "தென் ஹூஸ் டாட்டர் ஆம் ஐ?" என்று உரக்கக் கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோகிணிக்குத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிப்போயிருக்குமோ? ஆனால் இந்த மூக்கு அச்சு அசல் ஸ்ரீகாந்தின் மூக்காயிற்றே! அவர் என்ன நினைக்கிறாரோ என்று திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்களேன்."

"எனக்கு எதை வச்சாலும் தெரியாது ரோகிணி. கொரோனாவுல போன ருசி, திரும்பி வரவே இல்ல."

"வந்துடுச்சுன்னு சொன்னீங்களே?"

"நீ அப்போ அழுதுட்டே இருந்தே. அதான்."

கரோலினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேண்டாம் ஆன்ட்டி! அங்கிள் நாக்கை இதுல சேர்க்கவே கூடாது. அதுவும் இல்லாம, அந்தச் சார்ட் எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது."

ஒரு குழப்பம் தீர்ந்ததும் அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக அவள் வைத்த குழம்பை அமிர்தம் என்று வழித்துச் சாப்பிட்டாரே, அதெல்லாம் என்ன? பொய்யா, பிரியமா?

"அப்போ நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம்?"

"பரிமாறும்போது உன் முகத்தைப் பார்ப்பேன். நல்லா வந்திருந்தா அதுலயே தெரிஞ்சிடும்."

கோபித்துக்கொள்வதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. "நாளைக்கே டாக்டரைப் பார்க்கறோம்" என்று அதட்டினாள்.

"நான் உங்க பொண்ணுதானே டாடி? கன்ஃபர்ம்?"

"கன்ஃபர்ம்டா."

ஸ்ரீஜா அவனைச் சோப்புக்குமிழி மேஜைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியாமலே, செருப்பைத் தேய்த்துக்கொண்டு ரோகிணி பின்னால் நடந்தாள்.