நல்லதாப் பாத்துப் போடுங்க

ஷேக் மைதீன் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டுக்கு ஃபைபர் நெட் வரவில்லை. குற்றம் கம்பெனிகள் மேல் இல்லை, அவர் மேல்தான். ஒரு துண்டு வாங்கப் போனால்கூட கடைக்காரன் அலமாரியையே காலி செய்து காட்ட வேண்டும், அப்படி ஒரு மனுஷன். கள்ளக்குறிச்சியில் அவர் நெட்டைப் பற்றி விசாரிக்காத ஆள் கிடையாது. ஊரெல்லாம் சிம் விற்கிற பெரிய கம்பெனியில் வேகம் ஜாஸ்தி, ஆனால் புகார் சொல்லக் கூப்பிட்டால் மிஷின்தான் பேசும். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த கம்பெனி முதலில் ஒரு விலை சொல்லும், அப்புறம் ஏற்றிவிடும். கேபிள் டிவி பொன்னுரங்கத்தின் ஃபைபருக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும், ஆனால் நாலு தூறல் விழுந்தால் லைன் படுத்துக்கொள்ளும்.

"மூணுல ஒண்ணுகூட உருப்படியில்ல நூரு. கொஞ்சம் பொறு, நல்லதாப் பாத்துப் போட்டுக்கலாம்" என்பார் மனைவி நூர்ஜகானிடம். வருஷக்கணக்கில் இதே பேச்சு.

அவர் புளி மண்டி வியாபாரி. வெள்ளிமலைக்குப் போய்ப் புளியும் கடுக்காயும் வாங்கி வருவார். பேரம் படிந்தால் சரி என்று வாயைத் திறந்து சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. தொண்டையை ஒரு தரம் செருமுவார். அந்தச் செருமல் வந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது, இரண்டு பக்கமும் பேச்சு மாறக் கூடாது. மலையில் எல்லோருக்கும் இது தெரியும்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு நாள் புளி பார்த்துவிட்டு இறங்கும்போது, கோமுகி அணைக்கு மேலே ஒரு வளைவில் ஜீப் உருண்டுவிட்டது. கூட வந்தவர்கள் கைகால் முறிவோடு பிழைத்தார்கள். எதிலும் அவசரப்படாத மனுஷன் இதில் மட்டும் முந்திக்கொண்டார். உடலை மையத்தாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்றைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

நூர்ஜகான் இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் போன பெண் நாலு மாசத்துக்கு மேல் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, கூடப் பிறந்தவன், பெற்ற பிள்ளை தவிர வேறு ஆண்பிள்ளை கண்ணில் படக் கூடாது. உள்ளறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. யாராவது வந்தால் அவள் அதற்குப் பின்னால் போய்விடுவாள். இதெல்லாம் அவளுக்குப் பாரமாக இல்லை. பாரம் வேறு. தடித்த பழைய சுவர்களுக்குள் செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. ஷார்ஜாவில் இருக்கும் ஒரே பிள்ளை அன்சரிடம் பேச அவள் எப்போதும் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவாள். மொட்டை மாடி தெருவுக்கே தெரியும். இப்போது ஏற முடியாது.

அன்சரோ பேச்சுத் துணையில்லாமல் இருக்கக் கூடாத நிலையில் இருந்தான். கடையைப் பார்க்காமல் வெளிநாடு போகிறான் என்ற கோபத்தில், "என் மையத்துக்கும் நீ வராத" என்று அவன் அத்தா ஷேக் மைதீன் சொல்லியிருந்தார். லீவு கிடைக்காமல் அந்த வார்த்தை அப்படியே பலித்துவிட்டது. பையன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்து நிற்கிறான் என்று ஷார்ஜாவிலிருந்து அவன் அறைத்தோழன் ஒருவன் வசீமுக்குப் போன் போட்டுச் சொன்னான். வசீம் நூர்ஜகானின் தம்பி, நாலுமுனைச் சந்திப்பில் செருப்புக் கடை வைத்திருப்பவன்.

"தெனம் அவன் மூஞ்சியப் பாத்துப் பேசணும்டா. இல்லன்னா அவனையும் நான் பறிகுடுத்துடுவேன். எந்தக் கம்பெனியோ, சீக்கிரம் போடு" என்றாள்.

"பொன்னுரங்கம் ஆளு மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் வருவான்க்கா. நானும் கூடவே இருக்கேன்."

அன்று மழை பிடித்துக்கொண்டது. வசீமுக்காகத் தெருக்கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு நூர்ஜகான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒற்றைச் சத்தமாகத்தான் கேட்டது. மற்றது மழையில் அமுங்கியிருக்கும் என்று நினைத்தாள்.

"வசீம், ஆளக் கூட்டியாந்தியா?"

பதில் இல்லை. யாரோ கூடத்தில் நடந்தார்கள். சுவரில் துளை போடும் சத்தம், ஏதோ ஒயரை இழுக்கும் சத்தம். வந்தவன் அன்னிய ஆண், இத்தாக்காரியிடம் பேசக் கூச்சப்படுகிறான், வசீம் வாசலில் செல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். திரையை விலக்கிப் பார்க்கிற புத்தி அவளுக்கு வரவில்லை. அந்த நிலையில் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் வந்திருக்காது.

"எனக்கு எந்தக் கம்பெனின்னு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க வூட்டுக்காரரு பாத்துக்கினே இருந்து போய்ச் சேந்துட்டாரு. நீங்களே நல்லதாப் பாத்துப் போடுங்க. எம் புள்ளைகிட்டப் பேசணும், அவ்ளோதான்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு தரம் தொண்டை செருமியது. அப்புறம் கதவு சாத்தும் சத்தம்.

அவள் வெளியே வந்தபோது கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. பெயர் எதுவும் எழுதவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அதற்கு நேர் மேலே மின்விசிறி நின்றுகிடந்தது, காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. வெளியே அப்படிக் கொட்டுகிறது, தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதையெல்லாம் யோசிப்பதற்குள் அவள் கையிலிருந்த போன் அடித்தது. பாஸ்வேர்ட் எதுவும் போடாமலே அது இணைந்திருந்தது. அன்சரின் முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் துல்லியமாக வந்தது. தாடி மண்டி, கண் குழிந்து கிடந்தான். நூர்ஜகான் அழுதாள், அவனும் அழுதான், மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

வசீம் சாயங்காலம்தான் வந்தான்.

"இன்னாக்கா சொல்ற? நான் வரவே இல்லியே. மழ கொட்டிக்கினு இருந்துச்சு, கடைய வுட்டு நவுர முடியல. பொன்னுரங்கம் ஆளு நாளைக்குத்தான் வரேன்னான்."

மறுநாள் வசீம், பொன்னுரங்கத்தின் லைன்மேன் அஜித்குமாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நூர்ஜகான் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எங்குளுது இல்லீங்க. கரண்டுக்கு ஒயரே குடுக்கல, எப்பிடி எரியுதுன்னே தெரியல. ஆனா லைன்ல வெளிச்சம் வருது. அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க" என்றான் அஜித்குமார்.

அவன் பையிலிருந்து எடுத்த பேனா மாதிரி ஒரு டார்ச்சைக் காட்டி, அது எதற்கு என்று வசீம் கேட்டான்.

"செவப்பு லைட்டுங்க. லைன் எங்கியாச்சும் அறுந்துபோச்சுன்னா அடுத்த முனையிலேர்ந்து இத்த அடிப்போம். அறுந்த எடத்துல செவப்பா ஒழுவும். அத்த வெச்சு நேரா அந்த எடத்துக்கு வந்துடுவோம்."

இந்த லைன் எங்கிருந்துதான் வருகிறது என்று பார்த்துவிட வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது குரலில் சுரத்து இல்லை.

"கச்சிராயபாளையம் ரோட்டோட போவுதுங்க, கம்பத்துக்குக் கம்பம். நாங்க கிளாம்பு போடுவோம். இதுல முடிச்சு போட்டிருக்குது. புளி மூட்டைல பாத்திருக்கேன், ரெண்டு சுத்து சுத்தி வால உள்ள சொருவறது, அந்த முடிச்சு. அணையத் தாண்டி மலையேறுது. கொஞ்ச தூரம் போனேன். அப்புறம் போவல."

"ஏன் போவல?"

"போவலங்க."

அந்த முடிச்சை இந்த ஊரில் போடுகிறவர் ஷேக் மைதீன் ஒருத்தர்தான் இருந்தார். அது வசீமுக்கும் தெரியும், திரைக்கு உள்ளே இருந்த நூர்ஜகானுக்கும் தெரியும். அஜித்குமார் அந்தப் பெட்டியைக் கழற்றவும் மாட்டேன், தொடவும் மாட்டேன் என்று நழுவிவிட்டான். எடுத்துவிடலாமா என்று வசீம் மெதுவாகக் கேட்டான்.

"இருக்கட்டும்" என்றாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று அன்சர் அவள் கண்ணெதிரே ஒரு பரோட்டாவைப் பிய்த்துத் தின்றிருந்தான்.

அப்புறம் நாளுக்கு நாள் பிள்ளை தேறினான். தாடியை மழித்தான், சிரித்தான். அவளும் பயத்துக்கு ஆயத்துல் குர்ஸியை ஓதி ஊதிவிட்டு அந்தப் பெட்டிக்குக் கீழேயே உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டாள். ஒரு நாள் அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

"டிக்கெட் போட்டுட்டேம்மா. வெள்ளிக்கெழம வரேன். அத்தாவுக்குக் கோவமெல்லாம் தீந்துட்டுது."

"யாருக்கு?"

"அத்தாவுக்கு. நீ தொழப் போவச்சொல்ல செல்ல செவுத்துப் பலகை மேல வெச்சிட்டுப் போறியே, அப்ப நான் கூப்ட்டா அவருதான் எடுக்குறாரு. மூஞ்சி தெரியாது, பச்சத் திரைதான் தெரியும். அதுக்குப் பின்னாலேருந்து பேசுவாரு. உங்கிட்ட சொல்ல வாணாம்னாரு, என்னால அடக்க முடியல."

"இன்னா பேசுவாரு?"

"அந்த வளைவிலியே நிக்கிறாராம்மா. தனியா இருக்குதாம். வூட்டுக்குப் போவாத, நேரா மேல வந்து எங்கூட இருடான்னாரு. மையத்துக்குத்தான் வரல, இதுக்காச்சும் வரலன்னா நான் மனுஷனா? சரின்னுட்டேன். ஒடனே ஒரு செருமல் செருமினாரு பாரு, அப்பிடியே கடையில ஒக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு."

இறந்தவர்கள் திரும்புவதில்லை என்றுதான் அவளுக்குச் சின்ன வயசிலிருந்து ஓதிக் கொடுத்திருந்தார்கள். அப்படியானால் இது யார்? அவராகவே இருக்கட்டும், பெற்ற பிள்ளையை அந்தப் பள்ளத்துக்குக் கூப்பிடுகிறவரைப் புருஷன் என்று ஒப்புக்கொள்ள அவள் தயாராக இல்லை. முகத்தைப் பார்க்காமல், பேரைக் கேட்காமல், "நல்லதாப் பாத்துப் போடுங்க" என்று பேரத்தை முடித்தது அவள்தான். அதற்கு விலையாக என்ன கேட்கிறார்கள் என்று இப்போது புரிந்தது.

வசீமை வரச்சொன்னாள். அவன் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மாமியார் வைத்துவிட்டுப் போன பாக்குவெட்டியை எடுத்து வந்தாள். பெட்டியிலிருந்து ஜன்னல் வழியாகப் போன மெல்லிய ஒயரைப் பிடித்துக்கொண்டு, யாருமில்லாத கூடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பேரம் பேசினது நானு. அவன் இல்ல. நான் முறிச்சுக்கறேன். எம் புள்ளைய வுட்டுடுங்க."

நறுக்கென்று வெட்டினாள். பச்சை விளக்கு அணைந்தது.

வசீம் மாடிப்படி உச்சியில் நின்று அன்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கத்திப் பேசினாள்.

"அம்மா, லைன் கட்டாயிடுச்சா? அத்தா பாதிப் பேச்சுல நின்னுட்டாரு."

"அன்சரு, நான் சொல்றதக் கேளு. உங்க மாமா ஏர்போட்டுக்கு வருவான். அவன் கையப் புடிச்சிக்கினு நேரா வூட்டுக்கு வந்துடு. மலைக்குப் போவாத. எம் மேல உனக்குப் பாசம் இருந்தா போவாத."

ஸ்பீக்கரில் சின்னப் பிள்ளை மாதிரி அவன் குரல் வந்தது.

"அப்ப அத்தா நெசமாவே செத்துட்டாராம்மா?"

"ஆமாண்டா கண்ணு. செத்துட்டாரு."

அவன் ஓவென்று அழுதான். வீட்டுக்கே வருகிறேன் என்றான். அவர் போன நாளிலிருந்து நூர்ஜகானுக்கு அன்றுதான் மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் வசீம் மெட்ராஸுக்குக் கிளம்பினான். அவனை அனுப்பிவிட்டு, தெருக்கதவைத் தாழ் போட்டுவிட்டு அவள் கூடத்துக்குத் திரும்பினாள். ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்த அறுந்த முனையில் குங்குமப் பொட்டு அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். ஒட்டியிருக்கவில்லை, எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு வெளிச்சம்.

அஜித்குமார் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அடுத்த முனையில் யாரோ லைன் அறுந்த இடத்தைத் தேடுகிறார்கள். இடம் தெரிந்துவிட்டது, இனி நேராக இங்கேதான் வருவார்கள். அப்படியானால் மலை வளைவில் இனி யாரும் அன்சருக்காகக் காத்து நிற்கவில்லை என்பது மட்டும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் உள்ளறைக்குள் போகவில்லை. பச்சைத் திரையைக் கம்பியோடு பிடுங்கிக் கீழே போட்டாள். கூடத்தின் நடுவில், தெருக்கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். பாக்குவெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை முகத்தைப் பார்க்காமல் எதற்கும் சரி சொல்லப் போவதில்லை.

சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒற்றைச் செருப்பு.