நாலாம் குழிக்கு நிழல்

பொங்கலன்று காலையில் கொல்ப் கிரவுண்டின் நாலாம் குழியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். அழுகை கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. முந்தின நாள் அந்தியில் பாய் விரித்த மாதிரிக் கிடந்த புல்தரை அது. இப்போது கொடிக்கம்பத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் லயத்து வீட்டுக் காம்பரா அறையின் அகலத்துக்கு மண் புரண்டு கிடந்தது. காட்டுப்பன்றிகளின் வேலை. மார்கழி முழுக்கப் பெய்த மழையில் மண்புழு கொழுத்திருக்கிறது என்று யாரோ அவற்றுக்குத் தந்தி அடித்திருக்க வேண்டும். பனி தட்டுகிற மூங்கிலைத் தோளில் வைத்தபடி அப்படியே நின்றேன்.

எங்கள் தோட்டம் ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏழு மைல். வெள்ளைக்காரத் துரைமார் விளையாடுவதற்காக வெட்டிப்போட்ட கொல்ப் கிரவுண்டு இங்கே ஆறு குழியோடு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள நாலு பேர். புல்வெட்டும் மெசினோடு இருதயராஜ் கங்காணி, அப்புறம் தங்கம்மா அக்கா, சுகந்தினி, நான். ஐப்பசி வந்தால் தண்ணீர் வடியக் கான் வெட்ட வேண்டும். மார்கழியும் தையும் பனியோடு மல்லுக்கட்ட வேண்டும். குழியைச் சுற்றியுள்ள மெல்லிய புல்லில் வெயில் ஏறும்வரை பனி நின்றால் காசு காசாக வெள்ளைப் பூசணம் பிடிக்கும். அதனால் விடியும்போதே போய் நீள மூங்கிலால் புல்லைத் தடவித் தடவிப் பனியை உதிர்க்க வேண்டும். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பாதையில் எங்களைக் கண்டால், "பனி கூட்டுறவளுக போறாளுக" என்று சத்தமாகவே சொல்வார்கள். எங்கள் மேல் அவர்களுக்கு வயிற்றெரிச்சல். சமதரையில் நடந்தே அன்றைய பேரும் சம்பளமும் வாங்குகிறோம் அல்லவா.

எனக்கு அந்தச் சமதரை வேண்டும். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்ததில் இடது முழங்கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள், கால் தரவில்லை. ஏற்றத்தில் பத்து அடி வைத்தால் மூட்டு பூட்டிக்கொள்ளும். கிரவுண்டுக்கு மாற்றியதால்தான் வேலைக்காரர் பேர் பதிகிற செக்ரோலில் லூர்தம்மா என்ற பேர் இன்னும் இருக்கிறது.

அந்தப் பேருக்குத்தான் இப்போது ஆபத்து. தோட்டத்தைப் புதிதாக எடுத்த கம்பனிக்குக் கிரவுண்டு வீண் நிலம். மே மழைக்கு அதில் தேயிலை நடலாம் என்று பேச்சு வந்து, கன்று வளர்க்கிற தவறணைப் பக்கம் நடும் இடம் குறிக்கிற முளைக்குச்சிகள்கூடக் கட்டுக்கட்டாக வெட்டி அடுக்கியாகிவிட்டது. தோட்டத்தை நடத்துகிற துரைக்கு விளையாட்டில் பிரியம், அதனால் ஒரு தவணை வாங்கியிருந்தார். ஜனவரி கடைசி ஞாயிறு போட்டிக்குக் கொழும்பிலிருந்து கம்பனியின் பெரியவரே வருகிறார். விளையாடிப் பார்த்துவிட்டு அவர் முடிவு சொல்வார். அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பன்றிகள் விளையாடிப் பார்த்துவிட்டன.

இருதயராஜ் கங்காணி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். அன்றைக்கே அவர் புளத்கொகுபிட்டியவுக்குப் பஸ் ஏற வேண்டும், மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மண்ணைத் தட்டிச் சமமாக்கி, கிரவுண்டுக் கிளப்புக்குப் பின்னால் வளர்த்திருக்கும் புல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்து நெருக்கி நடச் சொன்னார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மூன்று நாளில் வருகிறேன் என்று சொல்லி, நாலு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நாங்கள் குறை வைக்கவில்லை. தங்கம்மா அக்கா கொண்டுவந்த சக்கரைப் பொங்கலை ஆளுக்கு இரண்டு கை தின்றுவிட்டுக் குந்தினோம். கயிறு பிடித்து, நேர் பார்த்து, துண்டோடு துண்டு முட்ட வைத்து, இடுக்கில் தூள் மண் போட்டு, உள்ளங்கையால் அமுக்கி நட்டோம். மறுநாள் மதியம் நடவு முடிந்தபோது தை வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்று பேரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தோம். இந்த வெயிலில் நட்டதை அப்படியே விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? தேயிலைக் கன்று நட்டால் கெக்கில்ல என்கிற பெரணிக் கொப்பை ஒடித்து வெயில் பக்கமாகக் குத்தி நிழல் கொடுப்போம். பிறந்தது முதல் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். கிரவுண்டுக்கு வேறு சட்டம் உண்டென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஓடைக்கரைக்குப் போய் மூன்று கட்டு கெக்கில்ல ஒடித்து வந்து, கன்றுக்கு ஒன்று என்கிற கணக்கில் வரிசை வரிசையாகக் குத்தினோம். வேலை முடிந்து பார்த்தபோது எனக்கு அவ்வளவு திருப்தி.

வெள்ளிக்கிழமை கங்காணி திரும்பி வந்தார். அவருக்குப் பின்னாலேயே துரையின் மோட்டார் சைக்கிளும் வந்தது. கொடிக்கம்பத்தைச் சுற்றி இருநூறு கெக்கில்லக் கொப்புகள் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன. துரைக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்ச் சிங்களம் வரும். இது பிட்டியவா, அதாவது கிரவுண்டா, தவறணையா என்று சிங்களத்தில் கேட்டார். பெரியவர் வந்து தேயிலை எங்கே நடலாம் என்று தேட வேண்டியதே இல்லை, நீங்களே நட்டுக் காட்டிவிட்டீர்கள் என்றார். கொப்பு நிற்கிற இடத்தில் மூங்கில் போகாது, பனி உதிராது, பூசணம் பிடித்தால் மிச்சப் புல்லும் போய்விடும் என்று கங்காணியும் சேர்ந்துகொண்டார். எல்லாவற்றையும் இப்பொழுதே பிடுங்கும்படி உத்தரவு.

சுகந்தினி பிடுங்கக் குனிந்துவிட்டாள். நானும் குனிந்து ஒரு துண்டை லேசாக இழுத்துப் பார்த்தேன். அது என் விரலுக்கு மெதுவாக எதிர்ப்புக் கொடுத்தது, வேர் கீழே பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"இப்ப புடுங்குனா கூடவே வேரும் ஆடிருங்க தொர," என்றேன். "அடுத்த வெள்ளி வரைக்கும் விடுங்க. பனிய நாங்க கையால தொடச்சி விடுறோம். புல்லு செத்துச்சினா ஏழாம் நம்பர் மலைக்கு நானே போயிர்றேன்."

துரை என் முழங்காலைப் பார்த்தார். அது எப்படிப் போனதென்று அவருக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த ஏழு நாளும் இருட்டுக் கலைவதற்கு முன்பே போய், பழைய சாரத் துணியால் கொப்புக்கும் கொப்புக்கும் நடுவில் பனியை ஒற்றி எடுத்தோம். பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரிதான். பாதையில் போன பெண்கள் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனார்கள். தங்கம்மா அக்கா அவர்களைப் பார்த்து, பவுடரும் போடப் போகிறோம், வந்து பிடியுங்கள் என்றாள். ஐந்தாம் நாள் புது இலை வந்தது. வெள்ளியன்று கொப்புகளை ஒவ்வொன்றாக உருவினோம். சனியன்று கங்காணி மெசினை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை ஓட்டினார்.

ஞாயிறு காலை நாங்கள் மூவரும் கரைமேல் நின்றோம். பெரியவர் உருண்டையான, வேர்த்து வழிகிற மனிதர். அவர் அடித்த பந்து நாலாம் குழித் தரைக்கு வந்து, ஒட்டுப்போட்ட இடத்துக்கு அந்தப் பக்கமாகப் பார்த்து நின்றது. குழிக்குப் போக இனி அது அந்த ஒட்டின்மேல்தான் உருள வேண்டும். துண்டுக்குத் துண்டு துள்ளினால் எங்கள் கதை முடிந்தது. சுகந்தினி என் கையைப் பிடித்தாள். எத்தனை அருள் நிறைந்த மரியே சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பெரியவர் தட்டினார். பந்து ஒட்டுமேல் ஏறி, ஒரு துள்ளலும் இல்லாமல் ஓடி, குழியை உரசிக்கொண்டு தாண்டிப் போனது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு துரையிடம், பன்றி தோண்டினதாகச் சொன்னீர்களே, எந்த இடம் என்று கேட்டார்.

துரை தேடினார். கங்காணியைப் பார்த்தார். கங்காணி என்னைப் பார்த்தார். நான் காலை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். கிட்டப் போனதும் என் கண்ணுக்கு மட்டும் அது பட்டது. உருவ மறந்த ஒற்றைக் கெக்கில்லக் காம்பு, மெசினுக்குத் தப்பி, காய்ந்து சிவந்து புல்லுக்குள் படுத்துக் கிடந்தது. இடது காலை அதன்மேல் வைத்தேன்.

"தெரியலைங்களே," என்றேன்.

பெரியவர் குனிந்து, புல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு ஐந்தாம் குழியைப் பார்க்க நடந்தார். துரை இரண்டடி போய், நின்று, திரும்பி என் காலைப் பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு அவரும் போனார். மேலே கரையிலிருந்து தங்கம்மா அக்கா வா வா என்று கை காட்டினாள். நான் அசையவில்லை. முழு எடையையும் அந்தக் காலில் போட்டுக்கொண்டு, கடைசி ஆள் மேடு ஏறி மறையும்வரை அங்கேயே நின்றேன்.