நவம்பர் வரைக்கும் உயிர்

நெஞ்சுக்குள் இருக்கிற கட்டியை அறுத்து எடுக்க முடியாது என்று டாக்டர் இவோனெ சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. வாய் நிறையக் கெட்ட வார்த்தைதான் வந்தது. நான் சிகரெட்டைத் தொட்டவளில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் புருஷனின் உடுப்பை முப்பது வருஷம் உதறித் துவைத்தவள். அந்த வெள்ளைத் தூசி முதலில் அவனைக் கொண்டுபோனது. இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

"நிணநீர் முடிச்சு வரைக்கும் பரவியிருக்கு, டோனா சுல்மிரா. மருந்து முதல்ல, கதிர்வீச்சு அப்புறம்னு தனித்தனியா கொடுத்தா உடம்பு தாங்கும். ரெண்டையும் ஒண்ணா கொடுத்தா பலன் கூடுதல். ஆனா படுத்தி எடுத்துடும், தொண்டை வெந்துபோகும்."

"ஒருத்தன் பிடிச்சுக்க, இன்னொருத்தன் சாத்துற மாதிரியா?"

அவள் சிரித்துவிட்டாள். "ஏறக்குறைய அப்படித்தான். மருந்து கட்டியைத் தளர வைக்கும், கதிர் அடிக்கும்."

"அப்ப சேர்த்தே போடுங்க. எனக்கு நவம்பர் வரைக்கும் உயிர் வேணும்."

நவம்பரில் வழக்கு. உடுப்பு துவைத்த மனைவிகள் மூன்று பேர் கம்பெனி மேல் போட்டது. கம்பெனி வக்கீல் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு தாளைக் காணோம் என்று தேதி வாங்கினான். முதல் தேதிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எங்களில் லூர்தெஸ் செத்தாள். அடுத்ததற்குள் ஜென்டீலும் போய்விட்டாள். அந்தப் பாவி தாளுக்காகக் காத்திருக்கவில்லை, எங்கள் சாவுக்காகக் காத்திருந்தான். என் சாட்சியம் ஒருமுறை பதிவாகிவிட்டால் போதும், பிறகு நான் செத்தாலும் அது நிற்கும்.

திங்களன்று மருந்து, திங்கள் முதல் வெள்ளி வரை கதிர்வீச்சு, ஆறு வாரம். நகராட்சி வேனில் போய், கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி எந்திரத்தின் அடியில் கிடந்தேன். இரண்டாம் வாரம், கதிர் படவேண்டிய இடத்துக்கு அடையாளமாக நெஞ்சில் போட்டிருந்த மைக்கோடுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்காதே! திரும்ப அளந்து கோடு போட ஒரு நாள் வீண். டாக்டரிடம் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. நான்காம் வாரம் எச்சிலை விழுங்கினால்கூட நெருப்பு. ஆறிப்போன மரவள்ளிக் கூழ்தான் சாப்பாடு.

"கோர்ட்டு கீர்ட்டெல்லாம் விட்டுத் தொலை அக்கா," என்றாள் என் தங்கை நாயிர். "நிம்மதியா இரேன்."

"நிம்மதியா இருக்கத்தான் தெயோபால்டோ இருக்கானே, அது போதாதா?"

தெயோபால்டோ கம்பெனி டாக்டர். என் புருஷன் இருமி இருமி ரத்தம் துப்பிய வருஷமும் 'நுரையீரல் சுத்தம்' என்று கையெழுத்துப் போட்டவன்.

ஐந்தாம் வாரம் வழக்கு வந்தது. கம்பெனி வக்கீல் எழுந்து குழைந்தான். "இந்தம்மாவால பேசவே முடியலை. மனிதாபிமானத்தோட கேக்கறேன், மார்ச்சுக்குத் தள்ளி வைக்கலாம்."

"இன்னிக்கே பேசறேன்," என்றேன். குரல் கரகரத்தது. நீதிபதி அம்மாள் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

முதலில் தெயோபால்டோ சாட்சி சொன்னான். "வேலை உடுப்பு தொழிற்சாலையை விட்டு வெளிய போனதே இல்லை. உள்ளேயே சலவைக்கூடம் இருந்துச்சு."

என் முறை வந்ததும் கம்பெனியே அச்சடித்த பழைய பத்திரிகையை மேசையில் வைத்தேன். வருஷாவருஷம் மே தினத்தில் அவர்கள் ஒரு போட்டி வைப்பார்கள். எந்த மனைவி வீட்டில் துவைத்த உடுப்பு அதிக வெள்ளையோ, அவளுக்குப் பிரஷர் குக்கர். மூன்று வருஷம் நான்தான் ஜெயித்தேன். பல்லெல்லாம் தெரிய நான் சிரிக்கும் படம், பக்கத்தில் குக்கரை நீட்டுகிறவன் தெயோபால்டோ. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேனே, முட்டாள்!

"இது யாரு?" என்று நீதிபதி தெயோபால்டோவிடம் கேட்டார். அவன் தலை குனிந்தான். ஒன்றரை மணி நேரம், மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்கி, ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணீர் விட்டுப் பேசினேன். எல்லாம் பதிவானது.

வெளியே வராந்தாவில் தெயோபால்டோ குறுக்கே வந்து நின்றான். "மன்னிச்சிடுங்க, டோனா சுல்மிரா. நான் சம்பளத்துக்கு வேலை பாத்தவன்."

எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"மன்னிப்பா? அதுக்கும் ஒரு தேதி வாங்கிக்குங்க, டாக்டர்."

மதியக் கதிர்வீச்சுக்கு நேரமாகியிருந்தது. வெளியே காத்திருந்த நாயிரின் கையைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு நடந்தேன்.